ஒழுகினசேரிக் கலைவாணர்

தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களைத் தன்னகத்தே கொண்டது நாஞ்சில் நாடு. மலையில் தோன்றி, வயல்களை வளப்படுத்தி, மணக்குடியில் கடலொடு கலக்கும் பழையாறு அந்நாட்டின் உயிர்நாடியாகும். அவ்வாற்றங்கரையில், நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியாக விளங்குவது ஒழுகினசேரி. அங்கே 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாய்த் தோன்றினார் கிருஷ்ணன். பின்னாளில் தமிழ் வழங்கும் இடமெல்லாம் என். எஸ். கிருஷ்ணன் என்று அறியப்பட்டவர் அவரே. பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரைச் சுட்டும். மற்றொன்று தந்தையைச் சுட்டும். ஊரையும் தந்தையையும் அவர் ஒருநாளும் கைவிட்டாரில்லை.

தந்தையார் பெயரிலுள்ள சுடலையும், தாயார் பெயரிலுள்ள இசக்கியும் நாஞ்சில் நாட்டு மக்கள் வழிபடும் தெய்வங்கள். கோயில் கொடை விழாக்களில் அத்தெய்வங்களின் கதைகளை இரவு முழுவதும் வில்லடித்துப் பாடுவது அந்நாட்டு வழக்கம். மணிகள் கட்டிய நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் தட்டிப் புலவர் கதை சொல்லுவார்; குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும்; பக்கத்திலிருப்போர் ஆமாம் போட்டுக் கதையை நடத்திச் செல்வர். ஏடெடுத்துப் பயிலாத எளிய மக்களுக்கு அதுவே இலக்கியம், அதுவே இசை, அதுவே நாடகம். சிறுவன் கிருஷ்ணன் அந்த ஒலியைக் கேட்டே வளர்ந்தான். பெற்றோர் பெயர்களிலேயே வில்லுப்பாட்டுத் தெய்வங்கள் குடிகொண்டிருக்க, மகன் உள்ளத்தில் அப்பாட்டுக் குடிபுகுந்தது வியப்பன்று.

வீட்டில் வறுமை மிகுதி. நான்காம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. கல்வியில் விருப்பமின்மையால் நின்றதன்று. பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் சிறுவனின் கூலியும் உலைக்கு வேண்டியிருந்தது. ஆகவே டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னும் கடையில் வேலைக்கு அமர்ந்தான். அது விரல் நோகும் தொழில். நரம்பு தளர்ந்தால் பந்து எழாது. மிக இறுகினால் அறுந்துபோகும். தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் இடைப்பட்ட அளவைக் கையினால் அறிய வேண்டும். பிற்காலத்தில் நகைச்சுவையில் அவர் கண்ட அளவை நினைப்போர்க்கு இந்தச் சிறுவேலை பொருத்தமான பயிற்சியாகவே தோன்றும்.

மாலை வேளையில் வேறொரு வேலை காத்திருந்தது. நாகர்கோவிலில் நாடகக் குழு முகாமிடும் காலங்களில், கொட்டகையினுள் தின்பண்டம் விற்கும் சிறுவர்களுள் ஒருவனாய்த் தட்டேந்திச் சென்றான் கிருஷ்ணன். மற்றப் பிள்ளைகள் விற்பனை முடிந்ததும் வீடு திரும்புவர். இவனுக்கோ விற்பனை ஒரு நுழைவுச் சீட்டு. காசு கொடுத்துக் காண வழியில்லாத நாடகத்தைக் காசு வாங்கிக்கொண்டே காணும் வழியை இவன் கண்டுகொண்டான். எந்தக் காட்சியில் மக்கள் சிரிக்கின்றனர், எந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே செல்கின்றனர், எப்பொழுது தட்டு காலியாகிறது என்பவற்றையெல்லாம் தட்டேந்தி நின்ற அச்சிறுவன் நாள்தோறும் கண்டான். மேடையில் நிற்பவனுக்கு அவையின் முகம் இருளில் மறைந்திருக்கும். அவையினுள் நடமாடுபவனுக்கு அது அருகிலேயே தெரியும். நடிப்புக் கல்வியின் முதற்பாடத்தை அவர் இவ்வாறு பார்வையாளரிடமே கற்றார் எனலாம்.

அக்காலத்தில் பாலர் நாடகச் சபைகள் தமிழகமெங்கும் புகழ்பெற்றிருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள், சுவாமிகள் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின்னர், 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர். சகோதரர் நால்வருள் மூன்றாமவராகிய டி. கே. ஷண்முகம் அப்போது பதின்மூன்றாம் வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுவர். முதலாளியும் பிள்ளை, நடிகனும் பிள்ளை என்ற நிலையில் ஒரு பெருந்தொழில் நடந்ததென்பதை இன்று நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. அச்சபை நாகர்கோவிலுக்கு வந்தபோது, சுடலைமுத்துப் பிள்ளை தம் மகனை அழைத்துச் சென்று அதிற் சேர்த்துவிட்டார். மகனுக்கு அது மீசை அரும்பும் பருவம்.

பாலர் சபை வாழ்க்கை எளிதன்று. விடியற்காலையில் எழுந்து குரற்பயிற்சி, பின்னர்ப் பாட்டும் வசனமும் நெட்டுருப் போடுதல், இரவு நாடகம், உறக்கம் விடியும் பொழுதுக்குச் சற்று முன்னர். பெண்வேடமும் பையன்களே புனைவர். ஓர் ஊரில் வசூல் குறைந்தால், திரைகளையும் பெட்டிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு மறு ஊருக்குப் புறப்பட வேண்டும். தவறு செய்தால் அடியும் உண்டு. அக்கொடுமையை நாம் இன்று புகழ்ந்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பாட்டு, பேச்சு, ஒப்பனை, காட்சியமைப்பு, கணக்கு, ஊர்ப்பயணம் என ஒரு தொழிலின் எல்லாப் பகுதிகளையும் ஒருவன் இருபது வயதுக்குள் கண்டறியும் வாய்ப்பு அங்கே இருந்தது. அவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டவருள் முதல்வரிசையில் நின்றவர் கிருஷ்ணன்.

அந்நாளைய நாடக மேடையில் கோமாளி என்பவன் கதைக்குத் தொடர்பில்லாதவன். இடையிடையே தோன்றுவான், முகத்தைக் கோணலாக்குவான், அடி வாங்குவான், சில வேளைகளில் அவையில் அமர்ந்திருக்கும் பெண்டிர் நாணித் தலைகுனியும்படி பேசுவான். கிருஷ்ணன் அவ்வழியை விட்டொழித்தார். உடற்குறையைச் சுட்டி நகைப்பதை விடுத்து, மூடப்பழக்கத்தையும் போலி வேடத்தையும் நகைப்புக்குரியனவாக்கினார். சிரித்தவன் வீடு சென்று சிந்திக்க வேண்டுமென்பது அவர் கொண்ட நோக்கம். அதற்கு ஏற்ற முன்மாதிரி மேடையில் இல்லாமையால் தமக்குரிய பகுதியைத் தாமே புனைந்துகொள்ளலானார்.

இவ்வகையில் அவர் செய்த முதற்பெருஞ் செயல் வில்லை மேடைக்குக் கொணர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் நடத்திய தேசபக்தி என்னும் நாடகத்தில், காந்தியடிகளின் வரலாற்றை அவர் வில்லுப்பாட்டாக்கிப் பாடினார். சுடலைமாடன் கதைக்கும் இசக்கியம்மன் கதைக்கும் உரியதாயிருந்த வில், உப்புக்காகக் கடற்கரை நோக்கி நடந்த ஒருவரின் கதையைச் சொல்லத் தொடங்கியது. அயல்நாட்டார் ஆட்சி நிகழ்ந்த காலத்தில் இது துணிவு வேண்டும் செயல். கருவி பழையது, பொருள் புதியது. தம் ஊர்க் கோயிற்புறத்தில் கேட்ட ஒலியையே மூலதனமாகக் கொண்டு அவர் தொழில் தொடங்கினார்; பிறரிடம் கடன் வாங்கவில்லை.

பேசும் படம் தமிழில் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1935-இல் டி. கே. எஸ். குழுவினரின் மேனகா படத்தில் கிருஷ்ணன் நடித்தார். அடுத்த ஆண்டு, அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதியில் நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படமும் அதுவே. அதே 1936-இல் வசந்தசேனா என்னும் படத்திற்காகப் புனே நகருக்குச் சென்றபோது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அவ்விருவரும் வாழ்க்கையிலும் கலையிலும் இணைந்தனர். அதன்பின் கிருஷ்ணன் என்றால் மதுரமும் உடன் நினைவுக்கு வருதல் இயல்பாயிற்று. நகைச்சுவையில் கணவனை மடக்கும் அறிவுடைய மனைவியாக அம்மையாரை நிறுத்தி, தாம் தோற்றுப்போவதில் மகிழ்ந்தவர் கிருஷ்ணன். அக்காலப் படங்களில் இது புதுமை.

அவர் திரையுலகில் மேற்கொண்ட தொழில்முறையும் புதுமையானதே. அதைச் சற்று விரிவாகக் காண்போம். ஒரு படத்தில் நகைச்சுவை நடிகர் என்பவர், பிறர் எழுதிக் கொடுத்ததைப் பேசிக் கூலி பெற்றுச் செல்பவராகவே இருந்தார். கிருஷ்ணனோ தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டார். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, ஆழ்வார் குப்புசாமி முதலியோர் அதில் இருந்தனர். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி துணைநின்றார். படத்தின் மூலக்கதையைக் கேட்டறிந்து, அதனுள் தனியொரு கிளைக்கதையைத் தாமே அமைத்து, தம் குழுவினரைக் கொண்டே நடித்துப் படமாக்கி, உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். ஒரு படத்தினுள் மற்றொரு சிறுபடம் இருப்பதுபோல அது அமைந்தது. தச்சனிடம் ஒரு பெட்டியை முழுமையாகச் செய்யச் சொல்லி ஒப்படைப்பதற்கும், நாட்கூலிக்கு அவனை மரம் இழைக்கச் சொல்லுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். நன்மை தீமை இரண்டும் அவர் தலைமேல் விழுந்தன. மக்கள் சிரிக்காவிடில் பழி கூறுவதற்கு வேறொருவர் இல்லை. ஆனால் மக்கள் சிரித்தனர். தளர்ந்த படங்களை அவருடைய பகுதி தாங்கி நிறுத்தியதும் உண்டு. 1940-இல் வந்த சகுந்தலையிலும், 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட ஹரிதாஸிலும் அவர் நடித்த பகுதிகள் மக்களால் நெடுநாள் நினைக்கப்பட்டன.

புகழின் உச்சியில் நின்றபோது பேரிடி விழுந்தது. 1944 நவம்பரில் இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் சென்னையில் கொலையுண்டார். அவ்வழக்கில் கிருஷ்ணனும், பாடகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் சிறைப்பட்டனர். 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வும் வழக்குச் செலவும் அவர் ஈட்டியதை எல்லாம் உண்டுவிட்டன.

அவ்விடைக்காலத்தில் வெளியே நடந்ததே நாம் கருதத்தக்கது. தலைவன் சிறையிலிருக்க, குழு சிதறிப்போகும் என்று பலரும் எண்ணினர். மதுரமும், எஸ். வி. சகஸ்ரநாமமும் என். எஸ். கே. நாடக சபையைத் தொடர்ந்து நடத்தினர். பைத்தியக்காரன் என்னும் நாடகம் மேடையேறியது. பின்பு 1947-இல் அது திரைப்படமாயிற்று. விடுதலை பெற்று வந்த கிருஷ்ணன் தாமும் அதில் தோன்றித் தம் சிறைவாழ்வையே நகைச்சுவைக்குப் பொருளாக்கினார். இளமை முதல் நாடக மேடையில் உடனிருந்த கே. ஆர். இராமசாமி தாம் தொடங்கிய குழுவுக்குக் கிருஷ்ணன் நாடக சபா என்றே பெயரிட்டார். அண்ணாதுரையின் வேலைக்காரி, ஓர் இரவு ஆகிய நாடகங்களை மேடையேற்றியது அச்சபையே. ஒருவர் தாம் இல்லாதபோதும் தொழில் நடக்குமாறு பிறரைப் பழக்கியிருந்தாரா என்பதை அவர் இல்லாதபோதுதான் அறிய முடியும். அவ்வாய்ப்பு மிகக் கொடிய முறையில் வாய்த்தது.

1947-ஆம் ஆண்டிலேயே நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கினார். அது முதல் இயற்பெயரினும் பட்டப்பெயரே நாட்டில் வழங்குவதாயிற்று.

அவர் நடத்திய கதாகாலட்சேபங்களுள் தலையாயது கிந்தனார். சிதம்பரம் செல்ல ஏங்கிய நந்தனார் சரித்திரத்தைப் போல அமைந்தது அது. ஆனால் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான கிந்தன் என்னும் சிறுவன் ஏங்குவது பட்டணம் சென்று படிப்பதற்கு. அவன் புகைவண்டி ஏறிச் சென்று, கற்று, உயர்ந்த நிலையில் திரும்புகிறான். நந்தனுக்குக் கோயிற்கதவு எதுவோ, கிந்தனுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு அது. நான்காம் வகுப்போடு படிப்பை இழந்த ஒருவர், படிக்கப் புறப்பட்ட பிள்ளையின் கதையை ஊர் ஊராகச் சென்று பாடினார். அவையோர் சிரித்துக்கொண்டே கேட்டனர். பாடியவர்க்கு அது வெறும் வேடிக்கையாய் இருந்திருக்க முடியாது.

அவருடைய சொந்தத் தயாரிப்பாகிய நல்லதம்பி 1949-இல் வெளிவந்தது. அதற்குத் திரைக்கதை எழுதியவர் அண்ணாதுரை. அறிவியல் வளர்ச்சியிலும் கலைவாணருக்கு ஈடுபாடு மிகுதி. பொறியைத் தட்டியவுடன் சிற்றுண்டி முன்வந்து நிற்கும் காலத்தை அவர் பாட்டில் வேடிக்கையாகக் கற்பனை செய்தார். அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதனை நேரிற் காண்கின்றனர்.

இளைஞர்களிடம் அவர் கொண்ட நம்பிக்கையே அவருடைய வாழ்வின் பிற்பகுதியை ஒளிபெறச் செய்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்பார் 1928-இல் பிறந்தவர். பதின்பருவத்திலேயே பாட்டுக் கட்டும் ஆற்றல் வாய்ந்தவர். இருபது வயதை ஒட்டிய அவ்விளைஞரைக் கண்ட கலைவாணர் சென்னைக்கு அழைத்து வந்தார். காந்தியடிகளின் கதையை வில்லுக்கு ஏற்ப எழுதுமாறு பணித்தார். தம் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதவும் இடமளித்தார். ஒரு பெருங்கலைஞர் தம் கைவில்லுக்குரிய பாட்டை இருபது வயதுப் பையனிடம் எழுதச் சொல்லுவது எளிதில் நடப்பதன்று. புகழ்பெற்றோர் பலர் இளைஞரைப் பாராட்டுவர், பொறுப்பை ஒப்படைக்கமாட்டார். கலைவாணர் பாராட்டோடு நில்லாமல் வேலையையும் கொடுத்தார். அவ்விளைஞர் முதியவராகி, வில்லிசை வேந்தர் எனப் பெயர்பெற்று, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் எய்தி, 2022-இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். நாஞ்சில் நாட்டு வில் இவ்வாறு ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறியது.

மற்றொன்றும் சொல்லத்தக்கது. இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் 1952-இல், முப்பது வயது நிரம்பாமலே காலமானார். அவரிடம் துணையாளராயிருந்த எம். எஸ். விசுவநாதனும், வயலின் கலைஞர் டி. கே. இராமமூர்த்தியும் திகைத்து நின்றனர். ஆசிரியர் விட்டுச்சென்ற படவேலைகளை முடித்துக் கொடுத்தனர். அவ்வேளையில் கலைவாணர் தாம் இயக்கிய பணம் என்னும் படத்தின் இசையை அவ்விருவரிடமும் ஒப்படைத்தார். விசுவநாதன் – இராமமூர்த்தி என்று இருவர் பெயரும் இணைந்து திரையில் தோன்றியது அதில்தான். 1965 வரை அவ்விணைப்பு நீடித்து, தமிழ்த் திரையிசையில் ஒரு தனிக்காலத்தையே உண்டாக்கியது. விசுவநாதனுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அவரும் சிறுவயதில் படக்கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். தட்டேந்தி நின்ற கை, தட்டேந்தி நின்ற மற்றொரு கையை அடையாளம் கண்டுகொண்டது போலும்.

அதே படத்தின் கதைத்தலைவர் சிவாஜி கணேசன். அவர் திரைக்கு வந்த ஆண்டும் அதுவே. அதற்கு முந்திய ஆண்டு, 1951-இல், கலைவாணர் இயக்கிய மணமகள் படத்தில் இருபது வயது நிரம்பாத பத்மினி கதைத்தலைவியாக நடித்தார். இரு படங்களுக்கும் வசனம் எழுதிய மு. கருணாநிதியும் இளைஞரே. புதியவர்களைக் கொண்டு பணம் போட்டுப் படமெடுப்பது வணிக நோக்கில் விவேகமன்று என்று அறிவுரை கூறுவோர் எக்காலத்தும் உளர். அவ்வறிவுரையை அவர் பொருட்படுத்தவில்லை என்பதைப் பெயர்களே காட்டும்.

குறையொன்றும் அவரிடம் இல்லாமலில்லை. ஈட்டுவதில் இருந்த திறம் காப்பதில் இல்லை. கேட்டவர்க்குக் கேட்ட பொழுதே கொடுத்தார். கேளாதவர்க்கும் குறிப்பறிந்து கொடுத்தார். கொடையை நாடு போற்றியது. ஆயினும் தொழில் நடத்துவோர் கணக்கேட்டையும் சற்றுப் பார்த்தல் நன்று. அவர் இறுதிநாட்களில் செல்வராய் இருக்கவில்லை. காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் சொந்தச் செலவில் அவர் எழுப்பிய நினைவுத் தூண், அவர் செலவிட்ட பொருளுள் கண்ணுக்குத் தெரிய எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று.

1956 நவம்பர் முதல் நாள், திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு இணைந்தது. தாய்நாடு தாய்மொழி மாநிலத்தோடு சேர்ந்ததைக் கண்ட கலைவாணர், பத்துத் திங்களே வாழ்ந்திருந்தார். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது நிரம்பவில்லை.

சென்னைத் தியாகராய நகரில் அவருக்கு எழுப்பப்பட்ட சிலையை, முதலமைச்சராயிருந்த அண்ணாதுரை 1969-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், நோயுற்றிருந்த நிலையிலும் வந்து திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய கட்டடம் ஒன்று, பின்னர்ச் சிறுவர்க்குரிய பாலர் அரங்கமாகி, அதன்பின் கலைவாணர் அரங்கம் எனப் பெயர்பெற்றது. அக்கட்டடம் நீக்கப்பட்டு, அதே பெயரில் புதிய அரங்கம் 2016-இல் திறக்கப்பெற்றது. பெருந்தொற்றுப் பரவிய 2020-ஆம் ஆண்டில், இடைவெளி விட்டு அமர்வதற்குக் கோட்டையில் இடம் போதாமையால், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒழுகினசேரிக் கிருஷ்ணனின் பட்டப்பெயர் தாங்கிய அவ்வரங்கில் கூடியது.